முப்பத்து நாலு மார்க் வாங்கியவர்களின் வாத்தியார்

கணக்கு சார் தவறிவிட்டார் என்ற செய்தி எங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று தேதி 20. ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு 20-ஆம் தேதி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள், போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு பனியன் கம்பெனி முதலாளியும் அன்றைக்குத்தான் பில்லைத் தேடி எடுத்து அனுப்புவார். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனைத் திறந்தால் குழுவில் நூற்றுக்கும் மேல் செய்திகள். பாதி, கைகூப்பும் படமும் ஆழ்ந்த இரங்கலும். மீதியை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று உறைத்தது. எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதியிருந்தார்கள். "சாருக்கு என் மேல தனிப் பிரியம்." "என்னைப் பார்த்தாலே சார் சிரிச்சிருவார்." "கிளாஸ்ல என் பேரைத்தான் முதல்ல கூப்பிடுவார்." நாற்பத்தாறு பேர் படித்த வகுப்பில் குறைந்தது பதினைந்து பேர் தனிப் பிரியத்துக்கு ஆளாகியிருந்தார்கள்.

நானும் எழுதினேன். எனக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது, பல வருஷமாகப் பல இடத்தில் சொன்ன கதை, வேலைக்கு இன்டர்வியூ போனபோதுகூடச் சொன்னேன். ஆறேழு வரி தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்துவிட்டேன். ஏனென்றால் சாருக்கு என்னை ஞாபகமில்லை. மறந்துபோனார் என்று சொல்வதுகூடச் சரியில்லை, மறப்பதற்கு முதலில் ஞாபகத்தில் இருந்திருக்க வேண்டுமே. இது எனக்கு 2022 பொங்கலிலிருந்தே தெரியும். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

6174

பாபநாசம் பக்கத்தில் அரசுப் பள்ளி, 2012-13, பத்தாம் வகுப்பு. அந்த வருஷத்தைத் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஜூன் 12 வந்தும் மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போயிற்று. சென்னையைத் தவிர மற்ற ஊரிலெல்லாம் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ், வேப்பமரத்தடியில் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் நடக்கும். வெளிச்சம் போனதும் சார், "சரி, மூடுங்கடா. இனிமே போடற கோடு கோணலாத்தான் போகும்" என்று டிவிஎஸ் 50-ஐ உதைக்கப் போய்விடுவார்.

எங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கல்வித் துறையின் வார்த்தையில் சொன்னால் மீத்திறன் மாணவர்கள், மெல்லக் கற்போர். நூறு சதவீதத் தேர்ச்சி காட்டவில்லையென்றால் தலைமை ஆசிரியர் சி.இ.ஓ. (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) மீட்டிங்கில் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும், அதனால் எல்லாப் பள்ளியிலும் இந்தப் பிரிவினை உண்டு. மற்ற பாடங்களில் மீத்திறனுக்குத் தனி கவனிப்பு, தனி நோட்ஸ், மாவட்ட ரேங்க் என்ற பேச்சு. (ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது 2017-ல்தான்.) கணக்கு சார் மட்டும் தலைகீழ். மீத்திறன் பக்கம் இருந்த எங்களுக்கு அவர் செய்த ஒரே ஏற்பாடு, ஆளுக்கொரு மெல்லக் கற்போனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இவனுக்கு நீ சொல்லிக்குடு, வராதப்ப என்னைக் கூப்பிடு" என்றதுதான். எனக்கு வாய்த்தவன் முன்பு கடைசி பெஞ்சில் இருந்தவன். நன்றாகப் பேசுவான், கபடி ஆடுவான், கழித்தல் வராது. பத்தாம் வகுப்பில் கழித்தல் வராதா என்று கேட்பவர்கள் ஒரு நாள் அரசுப் பள்ளிக்குப் போய் உட்கார்ந்து பார்க்கலாம். எட்டாவது வரை எல்லோரும் பாஸ், அப்புறம் திடீரென்று ஒரு வருஷத்தில் அணிகளும் முக்கோணவியலும்.

மெல்லக் கற்போருக்கென்று சார் ஒரு மந்திரம் வைத்திருந்தார். "ரெண்டு பத்து, ஒரு பதினஞ்சு." வரைபடம் பத்து மார்க், செய்முறை வடிவியல் பத்து மார்க், புத்தகத்துப் பின்பக்க ஒரு மார்க் கேள்விகள் பதினைந்து. கூட்டினால் முப்பத்தைந்து, பாஸ். தொடுகோடு, முக்கோணம், வட்ட நாற்கரம், இந்த மூன்றைத் தவிர வடிவியலில் வேறு வராது. உதவிப்படம் போடு, அளவைக் குறி, படமே தப்பானாலும் அதற்கு மார்க் உண்டு. வரைபடத்தில் மூலையில் அளவுத்திட்டம் எழுத மறக்காதே. ஒரு மஞ்சள் பை நிறையப் பழைய காம்பஸ்கள் வைத்திருந்தார். பரீட்சை முடிந்து போகிற பசங்களிடம், "இனிமே உனக்கு எதுக்குடா இது?" என்று வாங்கி வைத்துக்கொள்வார், அடுத்த வருஷம் இல்லாதவனுக்குப் போகும். கால் ஆடுகிற காம்பஸுக்கு நூல் சுற்றி இறுக்கித் தருவார்.

அந்த டிசம்பரில் ராமானுஜன் பிறந்து 125 வருஷம். 22-ஆம் தேதியைத் தேசிய கணித நாளாகக் கொண்டாடிய முதல் வருஷமும் அதுதான். அதுவும் எங்களுக்குக் கும்பகோணம் கூப்பிடு தூரம், அவர் படித்த டவுன் ஹைஸ்கூல் வாசலைத் தாண்டித்தான் துணி எடுக்கப் போவோம், கேட்க வேண்டுமா. பிரேயரில் பேச்சு, சார்ட், ராமானுஜன் விசேஷமான எண் என்று சொன்ன லண்டன் டாக்ஸி நம்பர் 1729. அதே வாரம் உலகம் அழியப்போகிறது என்று டிவியில் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமளியில் சார் வகுப்புக்கு வந்தார், போர்டில் 6174 என்று எழுதினார்.

"ராமானுஜன் மாதிரி ஆள் எப்பவோ ஒருத்தர் வருவார். நான் ஒரு வாத்தியார் கதை சொல்றேன்" என்றார். தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர், நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார். பெரிய பட்டமெல்லாம் இல்லை, 1962-ல் ரிட்டயர் ஆகும்வரை பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எண்களோடு விளையாடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. 1949-ல் கண்டுபிடித்தது இது. நாலு இலக்க எண் ஏதாவது எடுத்துக்கொள், நாலும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. பெரிதிலிருந்து சின்னதாக அடுக்கு, சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கு, கழி. வருகிற விடையை மறுபடி அப்படியே செய். எந்த எண்ணை எடுத்தாலும் அதிகபட்சம் ஏழு தடவையில் 6174-ல் வந்து நிற்கும். அதற்குமேல் நகராது, 7641-லிருந்து 1467 போனால் திரும்பவும் 6174.

வகுப்பு முழுக்கப் போட்டது. என் பக்கத்தில் இருந்தவன் சொன்ன பேச்சைக் கேட்காமல் 4444 எடுத்துக்கொண்டு, "சார், முட்டை" என்று கத்தினான். "நீ அதைத்தான் எடுப்பேன்னு தெரியும், வேற எடுடா" என்றார். நான் 2005 எடுத்தேன். ஏழு தடவை ஓடிற்று. 5175, 5994, 5355, 1998, 8082, 8532, 6174. கடைசி விடை வந்தபோது கையில் மயிர் சிலிர்த்தது, பொய்யில்லை. நிமிர்ந்து பார்த்தால் சார் என்னைத்தான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதுதான் என் கதை. அந்த வகுப்பில் இந்த எண்ணின் அழகு புரியக்கூடியவன் நான் ஒருத்தன்தான், சார் எனக்காகத்தான் அதைக் கொண்டுவந்தார், அந்தச் சிரிப்பு எனக்கானது. அன்றிலிருந்து எண்கள் மேல் ஒரு பித்து, பி.காம்., ஆடிட்டர் ஆபீஸ், இன்றைக்கும் சிக்னலில் நின்றால் முன்னால் நிற்கிற வண்டி நம்பரைப் பிடித்துக் கழிக்க ஆரம்பித்துவிடுவேன். எல்லாவற்றுக்கும் மூலம் அந்த மதியம். இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக.

சார் வீட்டுத் திண்ணை

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு கிலோ திருப்பூர் ஸ்வீட்டோடு கிளம்பினேன். சார் 2016-ல் ரிட்டயர் ஆகிவிட்டார். 58 வயது ஆனது வருஷத்தின் நடுவில், மே மாதம் வரைக்கும் மறுநியமனத்தில் இருந்து அந்த பேட்ச்சைப் பரீட்சை எழுத வைத்துவிட்டுத்தான் வந்தார் என்று சொன்னார்கள். திண்ணையில் உட்கார்ந்து புதுப் பாடப்புத்தகத்தில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார், 2019-ல் மாறியதே, அந்தப் புத்தகம். ரிட்டயர் ஆனவருக்கு எதற்கு அது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பெயரைச் சொன்னேன், வருஷத்தைச் சொன்னேன், அப்பா பெயரையும் தெருவையும் சொன்னேன். "உக்காருங்க தம்பி" என்றார். அந்த 'ங்க'வே போதுமானதாக இருந்தது. வகுப்பில் 'டேய்' தவிர வேறு வார்த்தை அவர் வாயில் வந்து கேட்டதில்லை.

"கணக்குல எவ்வளவு?"

"97, சார்."

"அதான்" என்றார். அவருக்கு என்னமோ பெரிய புதிர் அவிழ்ந்த மாதிரி முகம் தெளிந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. 97 வாங்கறவன் முகம் எனக்கு நிக்கிறதே இல்ல. 34 வாங்கினவன் பேரெல்லாம் கேளுங்க, வரிசையாச் சொல்றேன்."

சொன்னார். நிஜமாகவே சொன்னார். உள்ளே போய்க் கூட்டுறவு சங்கத்து டைரி ஒன்றைக் கொண்டுவந்தார், அட்டை பிய்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பக்கம். அதில் கணக்கில் ஃபெயில் ஆனவர்களின் பெயர் மட்டும், பக்கத்தில் மார்க், அதற்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக், மறுபடி எழுதிப் பாஸ் ஆன மாதம். எங்கள் வருஷத்துப் பக்கத்தில் நாலு பெயர். முதல் பெயர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். 34. டிக். ஜூலை.

அந்தக் கதை எனக்குத் தெரியும், ஆனால் அதில் சார் இருந்தது தெரியாது. ரிசல்ட் வந்த மறுநாளே அவனை அவன் மாமா தஞ்சாவூரில் டைல்ஸ் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சார் துணைத் தேர்வுக்கான விண்ணப்பத்தோடு வீட்டுக்குப் போய், அவன் இல்லையென்று தெரிந்து, டிவிஎஸ் 50-லேயே தஞ்சாவூர் போயிருக்கிறார். கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள் சிமெண்ட் மூட்டை மேல் வைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பணமும் அவரே கட்டியிருக்கிறார். ஒரு மார்க்கில் போனதற்குக் காரணம் வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாமல் விட்டதுதான் என்பது அவன் கட்சி. "முப்பத்தஞ்சு வாங்கறதுக்குப் பதிலா முப்பத்தி நாலு வாங்கினான் பாருங்க, அது நான் விட்டது" என்றார் சார். "ரெண்டு பத்து ஒரு பதினஞ்சுன்னு சரியா முப்பத்தஞ்சுக்குக் கணக்குப் போட்டுக் குடுத்தேன். ஒரு மார்க் சறுக்கினா விழுந்துருவான்னு யோசிக்கல. அடுத்த வருஷத்துல இருந்து வென்படம் ஒரு அஞ்சு மார்க் சேர்த்தேன்."

நான் என் கதைக்கு வந்தேன். வேறு என்ன செய்வது, அதற்காகத்தானே போயிருந்தேன். "சார், அன்னைக்கு 6174 போட்டீங்களே, எனக்கு வாழ்க்கையே அதுலதான்..." என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். "அதுவா. வருஷா வருஷம் போடுவேனே."

அப்புறம் அவர் சொன்னதைத்தான் மூன்று வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். என் பேனாவை வாங்கி, டைரியின் பின்னட்டையில் எழுதிக் காட்டினார். "பெருசா அடுக்கினா கடைசி இலக்கம் எப்பவும் சின்னது. சிறுசா அடுக்கினா கடைசி இலக்கம் எப்பவும் பெருசு. கழிச்சா என்ன ஆகும்? கடன் வாங்காம முடியுமா?" முடியாது. நாலும் ஒரே இலக்கமாக இல்லாதவரை ஒவ்வொரு தடவையும் ஒன்றாம் இடத்திலேயே கடன் வாங்கியாக வேண்டும். "பத்தாவது பையன்கிட்ட போய், வாடா கடன் வாங்கிக் கழிக்கக் கத்துத்தரேன்னு சொன்னா வருவானா? வெக்கப்படுவான். இதுன்னா அவனே ஏழு தடவை கழிப்பான். விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டு."

நான் சும்மா இருந்தேன். அவர் பேனாவை மூடவில்லை. "இன்னொண்ணு இருக்கு. நடுவுல ஒரு இடத்துல தப்பாக் கழிச்சிட்டான்னு வைங்க. என்ன ஆகும்?" யோசித்துப் பார்த்தேன். தப்பான விடையும் ஒரு நாலு இலக்க எண்தான். அதிலிருந்து தொடர்ந்து போனால் அதுவும் ஏழு தடவைக்குள் 6174-க்கே வந்துவிடும். "பாத்தீங்களா. நடுவுல தப்புப் பண்ணாலும் கடைசில சரியா வந்து நிக்கிற கணக்கு வேற எதாச்சும் நம்ம புஸ்தகத்துல இருக்கா? ஒண்ணாவதுல இருந்து இன்ட்டு இன்ட்டுன்னே வாங்கிப் பழகினவன், அன்னைக்குத்தான் போர்டுல இருக்கற விடை தன் நோட்லயும் வந்ததைப் பாப்பான். அந்த முகத்தைப் பாக்கறதுக்காகவே போடுவேன்."

அன்றைக்கு அவர் பார்த்துச் சிரித்தது என் பக்கத்தில் இருந்தவனை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் மனசுக்குள் சண்டை. அப்படியென்றால் நாங்கள் யார்? நன்றாகப் படித்தது குற்றமா? ஒரு வருஷம் முழுக்க என்னை ஒரு சாக்பீஸ் மாதிரி எடுத்து இன்னொருவனுக்காகத் தேய்த்திருக்கிறார். கொஞ்சம் கவனித்திருந்தால் சென்டம் எடுத்திருப்பேன், அந்த மூன்று மார்க் எனக்கு இன்றும் உறுத்தும். அவர் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமலில்லை, 97-க்கும் 100-க்கும் இடையில் ஒருவன் வாழ்க்கை மாறிவிடாது, 34-க்கும் 35-க்கும் இடையில் மாறும். இருந்தாலும் பதினைந்து வயதுப் பையனுக்கு ஒரு பார்வை போதும், அதற்கென்ன செலவு? இந்த வழக்கில் இன்னும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் அவர் பக்கம், ஒரு நாள் என் பக்கம்.

ஆனால் உறுத்தலுக்கு வேறு காரணமும் உண்டு, அதை எழுதாமல் விட்டால் இது பொய்யாகிவிடும். அந்த டைரியில் டிக் இல்லாத பெயர்களும் இருந்தன. 31 வருஷத்தில் பதினொன்று. ஒரு பெண்ணுக்கு அந்த ஜூன் மாதமே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். ஒருவன் சிங்கப்பூர். கிளம்பும்போது சார், "திருப்பூர்லயா இருக்கீங்க?" என்று கேட்டு, ஒரு பெயரைக் காட்டினார். எங்களுக்கு இரண்டு வருஷம் மூத்தவன். 33 மார்க். ஏதோ பனியன் கம்பெனியில் கட்டிங்கில் இருப்பதாகக் கேள்வி. "பாத்தா சொல்லுங்க தம்பி, தனித்தேர்வரா எப்ப வேணும்னாலும் எழுதலாம். கணக்கு ஒண்ணுதான் பாக்கி. புஸ்தகம் மாறிருச்சு, ஆனா நான் படிச்சு வெச்சிருக்கேன். ரெண்டு எட்டு ஆக்கிட்டான், ஒண்ணு பதினாலு. வேற கணக்கு வெச்சிருக்கேன் அவனுக்கு." புதுப் புத்தகம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. 2020-ல் கொரோனாவில் பரீட்சையே இல்லாமல் எல்லோரையும் பாஸ் போட்டதைப் பற்றி, "எனக்கு வேலையே இல்லாம பண்ணிருச்சு" என்று சிரித்தவர், அந்தப் பெயர் மேல் விரலை வைத்தபோது சிரிக்கவில்லை.

போனில் குறித்துக்கொண்டேன். அவ்வளவுதான். தேடவில்லை. பாதி பனியன் கம்பெனிகளின் கணக்கு எங்கள் ஆபீஸில்தான் இருக்கிறது, சம்பளப் பட்டியல் என் கையில்தான் வருகிறது, ஒரு பெயரைத் தேட எவ்வளவு நேரம் ஆகும்? என்னை ஞாபகமில்லாதவர் சொன்ன வேலையை நான் ஏன் செய்ய வேண்டும் என்று நினைத்தேனா என்றால், அப்படி நேராக நினைக்கவில்லை. மறுவாரம் பார்க்கலாம் என்றே நினைத்தேன். மூன்று வருஷம்.

காரியத்தன்று

சாவுக்குப் போக முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். வாசலில் பேனர், ஆயிரக்கணக்கான டாக்டர்களையும் இன்ஜினியர்களையும் உருவாக்கிய சிற்பி என்று. எங்கள் குழுதான் பணம் போட்டு வைத்தது, நானும் 500 ரூபாய் கொடுத்தேன். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் டாக்டர் யாரும் கண்ணில் படவில்லை. எலக்ட்ரீஷியன், மினி பஸ் டிரைவர், நெல் அறுக்கிற மெஷின் வைத்திருப்பவர், டாஸ்மாக்கில் சூப்பர்வைசர் ஒருவர். தண்ணீர் பாட்டில் வைத்ததிலிருந்து இலை எடுத்ததுவரை அவர்களேதான் செய்தார்கள், யாரும் யாரையும் ஏவவில்லை. அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் அந்த டைரி இருந்தது. சார் வீட்டு அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

என் பக்கத்து பெஞ்ச்காரனும் வந்திருந்தான். இப்போது அவனே டைல்ஸ் கான்ட்ராக்ட் எடுக்கிறான், ஆறு பேர் அவனிடம் வேலை செய்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு அவன் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினோம். அந்த 33 மார்க் ஆளைப் பற்றிக் கேட்டேன். "அவனா? திருப்பூர்ல இல்ல மாப்ள, ஓசூர் போய் ரொம்ப நாளாச்சும்பாங்க. ஏன்?" என்றான். "சும்மா" என்றேன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் ரயில்வே கேட் மூடிவிட்டது. சோழன் எக்ஸ்பிரஸ் வரும் நேரம். எங்களுக்கு முன்னால் செங்கல் ஏற்றிய லாரி.

கேட்டில் நின்றபடி அவனிடம் சார் சொன்னதைச் சொல்லிவிட்டேன், கடன் வாங்கல் விஷயம், ஏழு தடவை விஷயம், எல்லாம். அவனுக்குத் தெரியாதிருக்கும், கொஞ்சம் வருத்தப்படுவான் என்று நினைத்தேன். "அது அப்பவே தெரியுமே" என்றான். "நாலாவதுலயே தப்பாப் போட்டேன், சார் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. மேல போடுன்னார்."

அப்புறம் பேச்சில்லை. கண்ணாடியில் பார்த்தால் அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. லாரியின் பின்னால் நம்பர், 3056. ரயில் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு பெட்டியாக. கடைசிப் பெட்டியும் போய், கேட் ஏறத் தொடங்கி, பின்னால் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"டேய், எடுறா வண்டிய" என்றேன்.

"இரு மாப்ள" என்றான், லாரி நம்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்கயோ ஒரு கடனை விட்டுட்டேன். இன்னும் ரெண்டு தடவைதான்."